சிவப்பு அட்டை தீர்ந்துபோன வாரம்

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கே பதினைந்து வயதுதான், ஒன்பதாம் வகுப்பு. ஆனாலும் நீ வளர்ந்து, மீசை வைத்து, வேலைக்குப் போகிற ஆளாகிவிட்டாய் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எங்கள் தமிழ் டீச்சர் கட்டுரைக்குக் கொடுத்த தலைப்பு அப்படி: வெளியூர் போகும் மகனுக்குப் பெற்றோர் எழுதும் கடிதம். அதை மதியமே முடித்துவிட்டேன். அதிகாலையில் எழுந்திரு, பெரியவர்களை மதி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஒன்றரைப் பக்கம். பத்துக்கு எட்டு போடுவார். இது அதே நோட்டின் கடைசிப் பக்கங்கள். இதை டீச்சர் பார்க்கப்போவதில்லை, கிழித்து வைத்துக்கொள்வேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது. சொல்லக்கூடிய ஆள் தாராவி முழுக்கத் தேடினாலும் இல்லை. நீ ஒருவன்தான் வாயைத் திறக்க முடியாத இடத்தில் இருக்கிறாய்.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நான் மோரிக்குள் உட்கார்ந்திருக்கிறேன். நம் வீடு ஒரே அறை. அதன் மூலையில் குளிக்கவும் பாத்திரம் தேய்க்கவும் முழங்கால் உயரத்துக்குச் சுவர் வைத்துப் பிரித்திருக்கிறோமே, அதுதான் மோரி. சந்தில் எரிகிற குழல்விளக்கின் வெளிச்சம் சன்னல் வழியாக இங்கே மட்டும் விழும். லைட்டைப் போட்டால் அப்பா எழுந்துவிடுவார். எழுந்தால் முதலில் கேட்பது, "எழுதியாச்சா?" என்றுதான். எழுதவில்லை. அவர் எழுதச் சொன்னது ஆங்கிலத்தில் நாலு வரி. நாளைக் காலை பத்து மணிக்கு அம்மாவின் கம்பெனியில் என்கொயரி. அம்மா உட்காரும் மேசையில் உள்ள எல்லோரும் நடந்தது என்ன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவர வேண்டும். அம்மாவுக்குத் தமிழில் தன் பெயரையும் கம்பெனியில் தன் நம்பரையும் மட்டும் எழுதத் தெரியும். இந்தச் சந்தில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்த பெண் நான் ஒருத்தி. அதுவே பெரிய சனியனாகிவிட்டது. நான் எழுதுவதைப் பொறுத்துத்தான் மும்தாஜ் அக்காவுக்கு வேலை இருக்குமா, போகுமா என்பது. மும்தாஜ் அக்கா யார், நான் ஏன் இன்னும் தூங்காமல் இருக்கிறேன் என்று உனக்கு ஒழுங்காகச் சொல்ல வேண்டும். நம் வீட்டில் யாருமே எதையும் முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்வதில்லை. அதனால்தான் இவ்வளவும்.

என் அம்மா, அதாவது உன் ஆச்சி, செம்பூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே டிரான்சிஸ்டர் செய்கிறார்கள். ரேடியோப்பெட்டியை டிரான்சிஸ்டர் என்கிறோமே, அது இல்லை; அந்தப் பெட்டிக்குள்ளே சின்னத் தொப்பி போட்டு மூன்று காலோடு நிற்குமே, அது. தொப்பிக்குள் கடுகில் கால்வாசி அளவு ஒரு சில்லு இருக்கும். அந்தச் சில்லிலிருந்து காலுக்கு, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை இழுத்து ஒட்ட வேண்டும். அது அம்மாவின் வேலை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, ஒரு கையால் நகர்த்தி, ஒரு கையால் அழுத்தி, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் ஒட்டுவாள். பக்கத்து நாற்காலியில் மும்தாஜ் அக்கா. அம்மா ஒட்டியதை இன்னொரு மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நல்லதை விட்டு, கெட்டதைப் பொறுக்கி எடுத்துவிட்டு, தட்டோடு வரும் அட்டையில் தன் நம்பர் முத்திரையைக் குத்துவது அவளுடைய வேலை. மேலப்பாளையத்துக்காரி, நமக்கு நாலு சந்து தள்ளி வீடு, இருபத்திரண்டு வயது, வாய் ஓயாது. இரண்டு பேரும் சயானில் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறுவார்கள். அம்மாவை "பேச்சிக்கா" என்பாள். அம்மா வீட்டில் சிரித்ததைவிட அந்தப் பஸ்ஸில் சிரித்தது அதிகமாக இருக்கும்.

கம்பெனிக்கு இரண்டு வகை வாடிக்கை. ஒன்று பட்டாளம், வயர்லெஸ் பெட்டிக்கும் இன்னும் எதெதற்கோ. இன்னொன்று மில்லும் ரயிலும் மோட்டார் செய்கிறவர்களும். பெண்கள் அதை மிலிட்டிரித் தட்டு, மில்லுத் தட்டு என்பார்கள். சில்லு ஒன்றுதான், கம்பி ஒன்றுதான், ஒட்டுகிற கையும் ஒன்றுதான். பார்க்கிற பார்வைதான் வேறு. மில்லுத் தட்டில் சின்னக் கீறல் இருக்கலாம், கம்பி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கலாம், விட்டுவிடலாம் என்று விதியே இருக்கிறது. மிலிட்டிரித் தட்டில் விடக்கூடாது. அதற்குமேல் அதை நாள்கணக்கில் அடுப்பில் வைத்துச் சுடுவார்கள், குளிர வைப்பார்கள், குலுக்குவார்கள். கடைசியில் சர்க்கார் அதிகாரி ஒருவர் நாலைந்து தொப்பிகளைக் கழற்றி உள்ளே பார்ப்பார். தட்டுகள் மாறிவிடக்கூடாது என்பதற்காக மிலிட்டிரிக்குச் சிவப்பு அட்டை, மில்லுக்கு வெள்ளை அட்டை. இதை நினைவில் வைத்துக்கொள், பிறகு என்னைத் திரும்பக் கேட்காதே.

அம்மாவுக்கு நாற்பது வயதாகிறது. இரண்டு வருடமாகக் கையில் இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அரிசியில் கல் பொறுக்க என்னைக் கூப்பிடுவாள், ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவாள், ரேஷன் அட்டையைக் கையை முழுக்க நீட்டிப் பிடித்துக்கொண்டு மாதத்தை என்னிடம் கேட்பாள். வேடிக்கை என்னவென்றால் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டால் எல்லாம் பளிச்சென்று தெரியுமாம். அதில் ஒரு திருகு இருக்கிறது. தன் கண்ணுக்கு ஏற்ற மாதிரித் திருப்பிக்கொள்வாள். தங்கக் கம்பி தேர்வடம் போலத் தெரியும் என்பாள். கண்ணை அதிலிருந்து எடுத்தால்தான் முன்னால் இருக்கும் அட்டை மங்கல். இதற்கு ஒரு கண்ணாடி போட்டால் போதும் என்று ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற எனக்குத் தெரிகிறது. கம்பெனியில் சொன்னால் கம்பெனியே கண்ணாடி கொடுக்கும். ஆனால் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். எப்போதோ ஒருத்தி கண்ணாடி போட்டாளாம், மறுமாதம் அவளைப் பேக்கிங் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்களாம், பேக்கிங்கில் இன்சென்டிவ் பணம் கிடையாதாம், அப்புறம் அவளே நின்றுவிட்டாளாம். அந்த ஒருத்தியின் பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பஸ்ஸில் வருகிற முப்பது பெண்களில் பாதிப் பேருக்கு வீட்டில் ஊசி கோத்துக் கொடுக்க என் வயதில் ஒரு பெண் வேண்டியிருக்கிறது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி டாக்டர் கண் பார்ப்பார். சுவரில் ஒரு அட்டை, அது தூரத்துக்கு. அதில் அம்மாவுக்குச் சிரமமில்லை. கையில் ஒரு அட்டை, அது கிட்டத்துக்கு. எழுத்துத் தெரியாதவர்களுக்கு அதில் 'ஈ' என்ற இங்கிலீஷ் எழுத்து ஒன்றையே மேலும் கீழும் இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பிப் போட்டிருக்கும். அதன் மூன்று கால்களும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று விரலால் காட்ட வேண்டும். வரிக்கு வரி சின்னதாகும். போன ஜூன் மாதம், அந்தக் கண் பரிசோதனைக்கு முந்தின வாரம், அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. பஸ்ஸில் யாரோ சொன்னார்களாம், அதே அச்சு அட்டை மாதுங்காவில் ஒரு கண்ணாடிக் கடையிலும் இருக்கிறது என்று. அடுத்தநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு அங்கே போனேன். கரும்பலகை தெரியவில்லை என்று பொய் சொன்னேன். கடைக்காரர் அட்டையைக் கையில் கொடுத்தார். நான் கடைசி நாலு வரியையும் ரொம்ப மெதுவாக, யோசித்து யோசித்துக் காட்டினேன். மனதில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பொறுமை போய், "உனக்கு இருக்கிற கண்ணு எனக்கு இருந்தா நான் கடையையே வித்துருவேன், போம்மா" என்றார். ரயில்வே பாலத்தில் நின்று எல்லாவற்றையும் கையில் எழுதிக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு வாரம் வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. அம்மா தோசை வார்த்துக்கொண்டே நிற்பாள். நான் "மூணாவது வரி" என்பேன். அவள் தோசைக்கரண்டியை மேலே, வலது, கீழே, கீழே, இடது என்று காட்டுவாள். தப்பினால் நான் தலையில் அடித்துக்கொள்வேன். "ஏட்டி, உங்க டீச்சருகூட இப்படி வெரட்ட மாட்டா" என்பாள். அப்பா சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மில் ஸ்டிரைக்குக்குப் பிறகு அவருக்கு நிரந்தர வேலை இல்லை. ஆண்டாப் ஹில் கோடவுன்களில் மூட்டை இறக்கக் கூப்பிட்ட அன்றைக்குப் போவார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா பரிசோதனையில் தேறினாள். டாக்டர் பாராட்டினாராம். அன்றைக்கு எனக்கு மாதுங்காவிலிருந்து மைசூர்பாகு வாங்கி வந்தாள். நானும் பெருமையாகத் தின்றேன். நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். உனக்குச் சொல்கிறேன் கேள்: கெட்டிக்காரத்தனத்தை எங்கே காட்டுகிறோம் என்று பார்த்துக் காட்ட வேண்டும். அந்த ஒரு வாரம் நான் அம்மாவைக் கையைப் பிடித்து அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டிருந்தால் இன்றைக்கு இந்த மோரியில் உட்கார்ந்திருக்க மாட்டேன். கம்பெனிக்குத் தெரியாமல் வீட்டிலாவது போட்டிருக்கலாம். எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. ஏமாற்றுவதற்கு வழி கேட்டால் உடனே தோன்றுகிறது.

பத்து நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், அம்மா வந்ததும் கம்பெனியைத் திட்டினாள். சிவப்பு அட்டை தீர்ந்துவிட்டதாம், அச்சாபீசிலிருந்து வரவில்லையாம், இந்த வாரம் முழுக்க மிலிட்டிரிக்கும் வெள்ளை அட்டையேதானாம். வித்தியாசம் தெரிய மூலையில் டைப்பில் நம்பர் அடித்திருக்கிறார்களாம். "எறும்பு ஊந்த மாதிரி அடிச்சிருக்கான். ஷிஃப்ட் முடியக்கொள்ள, மும்தாஜு பாத்து முத்திர குத்துன ரெண்டு கார்டையும் கையில எடுத்து என் நம்பர எழுதிட்டுத் திரும்ப வச்சேன். எது எதுல வச்சேனோ, ரெண்டுல ஒண்ணு" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் அப்போது வரலாற்றுப் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். இதைவிட முட்டாள்தனம் உண்டா? அந்த நிமிடமே "நாளைக்குப் போனதும் சொல்லிரும்மா" என்று நான் சொல்லியிருந்தால் தட்டுகள் அங்கேயேதான் இருந்திருக்கும்.

சொல்லவில்லை. அட்டைகள் மாறித்தான் போயிருந்தன. நிஜமான மிலிட்டிரித் தட்டு மில்லுச் சரக்கோடு கலந்து வெளியே போய்விட்டது. மில்லுத் தட்டு மிலிட்டிரி அட்டையோடு அதிகாரியிடம் போனது. அவர் தொப்பியைக் கழற்றிப் பார்த்தால் கீறல் இருக்கிறது, கம்பி தள்ளியிருக்கிறது, அட்டையில் மும்தாஜ் அக்காவின் முத்திரை இருக்கிறது. நல்லவேளை, அங்கேயே நிறுத்திவிட்டார்கள். எங்கேயோ பனிமலையில் உட்கார்ந்து வயர்லெஸ்ஸில் பேசுகிறவன் கையில் போய்ச் சேரவில்லை. ஆனால் பட்டாளத்துச் சரக்கைப் பார்க்காமலே முத்திரை குத்தினாள் என்று மும்தாஜ் அக்காவைப் போன புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை என்கொயரி, அதற்குப் பிறகுதான் முடிவு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மும்தாஜ் அக்கா ஒரு தாளோடு நம் வீட்டுக்கு வந்தாள். அம்மா அப்போது வரவில்லை. எனக்கும் இங்கிலீஷில் எழுதிக் கொடு என்றாள். முதலில் வழக்கம்போல வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள். "நா கண்ண மூடிட்டு முத்திர குத்துனேனாம்டி. கண்ண மூடிட்டு குத்துனா வெரல்லதான குத்தும்?" என்றாள். பிறகு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவளுக்கு ஒன்றுதான் புரியவில்லையாம். அதிகாரி காட்டிய சரக்கு, அவள் மில்லுக்கென்று பார்த்து விட்டுவிட்ட சரக்கைப் போலவே இருந்ததாம். அட்டையோ மிலிட்டிரி அட்டை. எனக்கு அங்கேயே கை நின்றுவிட்டது. தோசைக்கரண்டி, எறும்பு, ரெண்டுல ஒண்ணு, எல்லாம் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தன. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளோ குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள்: "ஒருவேள எனக்குத்தான் கண்ணு போயிட்டோ? பேச்சிக்காட்ட சொல்லிராத. கம்பெனி டாக்டரு காட்டுத அந்த ஈ அட்ட மாதிரி வரஞ்சு, எனக்கு ஒருக்கா வச்சுப் பாக்கியா?" நோட்டில் சின்னதாகச் சின்னதாக வரைந்து அவளைப் பார்க்கச் சொன்னேன். ஒன்றுகூடத் தப்பாமல் காட்டினாள். கடைசி வரியை நான் எறும்பைவிடச் சின்னதாக வரைந்திருந்தேன். அதையும் காட்டினாள். "பொறவு எப்படிடி?" என்றாள். நான் நோட்டை மூடினேன். எழுதிய தாளின் கடைசியில், தப்பு நடந்திருந்தால் மன்னிக்க வேண்டும் என்று சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டு அவளுக்காக எழுதிய கை இது. இதே கையால் அம்மாவுக்கும் எழுத வேண்டுமாம்.

சனிக்கிழமை அம்மாவிடம் கேட்டேன். நான் முட்டாள், மெதுவாகக் கேட்டிருக்க வேண்டும். அப்பா இருக்கும்போது கேட்டேன். அம்மா, வேலையைப் பாரு என்று எரிந்து விழுந்தாள். அப்பாவுக்கு இரண்டே கேள்வியில் விஷயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவர் கத்தவில்லை. கத்தினால்கூடப் பரவாயில்லை. என்னை உட்கார வைத்து, கணக்கு வாத்தியார் போல விளக்கினார். அம்மா சொன்னால் கண் விஷயம் வெளியே வரும். கண் விஷயம் வந்தால் போன வருடம் ஏமாற்றியதும் வரும். அம்மாவுக்கு வேலை போகும். போனால் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பின் சந்தில் இருக்கும் தோல்பை பட்டறைக்குத் தையலுக்குப் போக வேண்டும். "அந்தப் பிள்ளைக்கு வயசு இருக்கு. எங்கயும் வேல கிடைக்கும். ஒங்கம்மைக்கு யாரு குடுப்பா? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நாலு வரி எழுது. பொய்யில்லல்லா, அவளுக்குத்தான் கண்ணு தெரியாதே" என்றார். அவர் கெட்டவர் இல்லை, மகனே. அவர் சொன்னதில் ஒவ்வொரு வரியும் நடக்கக்கூடியது. அதனால்தான் எனக்குப் பயம். தோல்பை பட்டறையில் என் கூடப் படித்த இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் விரல்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் மடியில் இரண்டு தாள் இருக்கின்றன. ஒன்றில் அப்பா சொன்ன நாலு வரி பாதியில் நிற்கிறது. இன்னொன்றில் நடந்ததை அப்படியே எழுதிவிட்டேன்: அட்டைகளை மாற்றி வைத்தது நான், கிட்டத்தில் எனக்குக் கண் தெரியவில்லை, சோதித்தவள்மேல் குற்றமில்லை என்று. கொஞ்சம் முன்னால் எனக்கு ஒரு யோசனை வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. காலையில் அவசரத்தில் இந்த இரண்டாவது தாளை நீட்டினால் அம்மா கையெழுத்துப் போட்டுக் கொண்டு போய்விடுவாள். நான் ஒன்றுமே சொல்ல வேண்டாம். மும்தாஜ் அக்கா தப்பித்துவிடுவாள். அம்மாவுக்குப் பத்து மணிக்கு அங்கே போய்த்தான் தெரியும், தான் எதில் கையெழுத்துப் போட்டோம் என்று. ரொம்ப சுலபம். எனக்குச் சுலபமாகத் தோன்றுகிற யோசனைகளே இப்படித்தான் இருக்கின்றன. தெரியாததைத் தெரிந்த மாதிரிக் காட்டச் சொல்லிக் கொடுத்தவள், இப்போது அவளுக்குத் தெரியாததை வைத்தே அவளைப் பிடித்துக் கொடுக்கப் பார்க்கிறேன். நான் உன்னிடம் ஒழுக்கம் பேசப் போகிற தாய் வேறு.

எழுப்பப் போகிறேன். என்ன ஆனது என்று வந்து எழுதுகிறேன்.

*

எழுப்ப வேண்டியிருக்கவில்லை. நான் மோரிச் சுவரைத் தாண்டி வந்தபோதே அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். "எவ்வளவு நேரமாட்டி எழுதுவ, நாலு வரிய?" என்றாள். நான் இரண்டாவது தாளை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, காதோரமாக ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்து, டீச்சர் நோட்டுத் திருத்துகிற மாதிரி, "ஒண்ண விட்டுட்ட" என்றாள்.

எதை என்று கேட்டேன். அட்டையைத் திரும்ப வைத்ததற்கு மறுநாள் காலையிலேயே தனக்குத் தெரியும் என்றாள். தட்டு எடுக்க வந்த பெண் வலது பக்கத் தட்டின் அட்டையில் இருந்த நம்பரைச் சத்தமாக வாசித்தாளாம். வலது பக்கம் இருந்தது மில்லுத் தட்டு என்று அம்மாவுக்குத் தெரியும். வாசித்தது மிலிட்டிரி நம்பர். நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தாளாம். ஏன் மாறியது என்று கேட்பார்களே என்று மூடிக்கொண்டாளாம். அன்றைக்கு மும்தாஜ் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாளாம். நானோ, சனிக்கிழமை நான் கேட்கும்வரை அம்மாவுக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்படித்தான் தாளிலும் எழுதியிருந்தேன். அதையும் எழுதினால் நிச்சயமாக வேலை போய்விடும், கண்ணுக்காவது மன்னிப்பார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"கார்ட மாத்துனது என் கண்ணு. பத்து நாளு வாய மூடிட்டு இருந்தது நான்தான?" என்றாள். "எழுது."

எழுதினேன். அப்பா புரண்டு படுத்தார். விழித்திருந்தாரா, தெரியாது. அம்மா குரலைத் தாழ்த்தவில்லை.

பிறகு நான், கண்ணாடிக் கடைக்குப் போனது, வரிகளை மனப்பாடம் பண்ணிக் கொடுத்தது, அதையும் சேர்க்கப் போனேன். அம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தாளில் உன் பேர் வரக்கூடாது என்றாள். எப்படித் தேறினாய் என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வாய் என்று கேட்டேன். "நானா பாத்து மனப்பாடம் பண்ணேன்னு சொல்லுவேன்." எங்கே பார்த்தாய் என்பார்களே என்றேன். "சாமி வந்து சொல்லிச்சுன்னு சொல்லுதேன், போடி" என்றாள். இந்த வீட்டில் ஒரு பொய்யை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொன்றை வைக்காமல் இருக்க முடியாது போலிருக்கிறது. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அதனால் கம்பெனிக்குப் போகிற தாளில் அந்த ஒன்று மட்டும் இல்லை. இதில் இருக்கிறது.

கையெழுத்துப் போட இடம் எங்கே என்று கேட்டாள். விரலை வைத்துக் காட்டினேன். தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள், கடைசியில் என் விரலையே அடையாளமாக வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். பெயரின் முதல் கொம்பு என் நகத்தின் மேல் விழுந்தது. மீதி தாளில் இருக்கிறது.

சந்தில் குழாய்க்கு வரிசை போடும் சத்தம் கேட்கிறது. இன்னும் விடியவில்லை. ஏழு மணி பஸ்ஸுக்கு முன்னால் மும்தாஜ் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள் அம்மா. ஆபீசர்களிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டுமாம். "நீயும் வா. அவ வீட்டுல, அவ உம்மா முன்னால எனக்கு வாய் வராது" என்று என்னையும் கூப்பிடுகிறாள். எனக்கு மட்டும் வருமா? அவள் என்ன சொல்வாளோ. பேச்சிக்கா என்று இனி கூப்பிடாமலே போகலாம். கம்பெனி என்ன செய்யும், அப்பா எழுந்ததும் என்ன செய்வார், அடுத்த மாதம் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேனா பட்டறையில் இருப்பேனா, ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி உனக்கு எழுதமாட்டேன்.

ஒன்று மட்டும் முடிவு பண்ணியிருக்கிறேன். அம்மா அட்டையைப் பற்றிச் சொல்லட்டும். கண்ணாடிக் கடையைப் பற்றி மும்தாஜ் அக்காவிடம் நான் சொல்வேன். நோட்டில் வரைந்து அவள் கண்ணைச் சோதித்தபோதே எனக்கு எல்லாம் தெரியும் என்பதையும் சொல்வேன். கம்பெனித் தாளில்தான் என் பெயர் வரக்கூடாது என்று அம்மா சொன்னாள். என் வாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள், அது அவள் காலடியில்தான் இருக்கிறது. போய் எடுத்துக் கொடுக்க வேண்டும்.